சுடவேண்டாம் என்றவர்

மூன்றாம் நாள் காலையில் துர்சுனாய் நின்றபடியே தூங்கிப்போனாள். எதிரே, போர்சோக் என்னும் மாவுத் துண்டுகளைப் பொரிக்க, கொப்பரையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் ஜல்லிக் கரண்டி. பக்கத்து வீட்டுப் புருலாய்தான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, துக்கத்துக்கு வந்தவங்களுக்குப் போர்சோக் போட்டு எடுன்னா, நீ உன்னையே பொரிச்சு வச்சிருவ போலிருக்கே. தள்ளு அந்தப் பக்கம்."

"தூங்கலக்கா."

"ஆமா, தூங்கல. கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுக் குறட்டை விட்ட."

மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்கள் தலைமுக்காட்டுக்குள் சிரித்தார்கள். துக்க வீட்டில் அடுப்படிக்கு மட்டும் சிரிக்க அனுமதி உண்டு. துர்சுனாயும் சிரிக்கப் பார்த்தாள். உதடு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

முற்றத்தின் நடுவே வெள்ளைக் கம்பளிக் கூடாரம் நின்றது. அதற்குள், திரைக்குப் பின்னால், அவள் மாமனார் கிடந்தார். வெளியே அவருடைய இரண்டு மகன்களும் இடுப்பில் துணி கட்டி, கோலை ஊன்றி, குனிந்து நின்றார்கள். தெருமுனையில் யாராவது தலை காட்டினால் போதும், "என் அத்தாவே! மலையா நின்னவரே!" என்று ஆண்கள் குரலெடுப்பார்கள். உடனே துர்சுனாய் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடி, நாத்தனார் ஜூராவின் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்லவேண்டும். வந்தவர்கள் அழுது, ஆறி, டீ குடிக்கப் போனதும் மறுபடி அடுப்புக்கு. பிறகு மறுபடி கூடாரத்துக்கு. மூன்று நாளாக இதே நடை. தொண்டை நேற்றே போய்விட்டது. ஜூராவுக்குக் குரலும் உண்டு, சொல்லும் உண்டு. இவள் பின்பாட்டு மட்டும் பாடுவாள். சில நேரம் வாயை மட்டும் அசைப்பாள்.

களைப்பு அவளுக்குப் புதிதல்ல. கடைசி இரண்டு வருஷம் கிழவரின் சாப்பாடு, மருந்து, துணி எல்லாம் பார்த்துக்கொண்டது அவள்தான். இளைய மகனின் மனைவி. வீடும் அவளுக்கு, வீட்டிலிருக்கும் கிழவரும் அவளுக்கு. ஊர் வழக்கம் அது. அவள் அதைப் பாரமாக நினைத்ததில்லை என்று சொன்னால் பொய். நினைத்திருக்கிறாள். நினைத்துவிட்டு, பாலைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

இப்போது அவளை அரித்தது அந்தக் களைப்பு அல்ல. கொடுத்த வாக்கு ஒன்று. இன்று மதியம் அடக்கம்; அதற்குள் அது காப்பாற்றப்படவேண்டும். மதியத்துக்கு மேல் அதற்கு வேலையே இல்லை.

வீட்டு வாசலில், கதவுக்கு வெளியே, நாரின் நகரத்திலிருந்து வந்த பட்டாள வண்டி நின்றது. லெப்டினன்ட் ஒருவர், துப்பாக்கியோடு சில சிப்பாய்கள். மூத்த மகன் எசென்குலின் ஏற்பாடு. அவர் தலைநகர் பிஷ்கெக்கில் அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தார். அப்பா செத்த சேதி கேட்டு அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே நாலைந்து பேருக்குப் போன் போட்டிருந்தார்.

"நம்ம ஓமுர்சாக்கைச் சும்மா புதைச்சுர முடியுமா?" என்று முதல் நாளே குலத்துப் பெரியவர்கள் தாடியைத் தடவினார்கள். "பட்டாளத்துல முடி நரைச்ச மனுஷன். வெடி போட்டுத்தான் அனுப்பணும்."

"மலையே அதிரும், பாருங்க," என்றார் எசென்குல்.

ஓமுர்சாக். ஊரே சொல்லும் அந்தப் பெயரை அவள் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. பால் எடை போடும் நிலையத்தில் யாராவது "எந்த வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்டால், "பட்டாளத்துக்காரர் வீடு" என்பாள். எல்லோருக்கும் புரியும்.

போன குளிர்காலத்தில் ஒரு பிற்பகல். அவள் நூடுல்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேத்தியின் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மாமியார் இறந்த பிறகு அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டியை அவர் வேறு யாரையும் தொடவிட்டதில்லை. மகன்களின் சட்டை, பேரப்பிள்ளைகளின் உடுப்பு, ஒருமுறை துர்சுனாயின் வெள்ளை மேலங்கி. அன்றைக்கு ஊர்ப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். 'பட்டாளத்துக்காரர் மருமவளுக்கே இஸ்திரி போடுறாராம்டி, பரேடுக்கு அனுப்பப் போறாரு!' கிழவர் காதில் விழுந்தும் விழாததுபோல மேலங்கியின் கழுத்துப் பட்டியை இன்னொரு தரம் தேய்த்தார்.

அந்தப் பிற்பகல் டிவியில் எந்த நாட்டிலோ ஒரு தளபதிக்கு இறுதி மரியாதை. வரிசையாக நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். கிழவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அதை அணைச்சுரு மவளே."

அணைத்தாள். அவர்கள் இருவருக்கும் பேச்சில்லாமல் இருப்பது சிரமமாக இருந்ததே இல்லை. அடுப்பில் விறகு வெடிப்பதும் கட்டையடியில் மாவு நெரிபடுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவரே தொடங்கினார்.

"நான் சண்டை போட்டவன்னு பயலுவ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறானுவ. நான் ஒரு ஆளைக்கூடச் சுட்டதில்லம்மா."

அவள் மாவுக்கட்டையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் நிறுத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆப்கான் சண்டையில செத்த பயலுவள ஊருக்குக் கொண்டுபோய்ச் சேக்குற வேலை எனக்கு. துத்தநாகப் பெட்டி. ஈயம் வச்சு அடைச்சிருக்கும். தொறக்கக்கூடாது. நம்ம ஜனம் தொறக்காம எப்படிப் புதைக்கும்? குளிப்பாட்டணும், கஃபன் துணி சுத்தணும். எல்லா ஊருலயும் சண்டைதான். பெத்தவ எங்கிட்ட வந்து கேப்பா, 'இதுக்குள்ள என் புள்ளதான் இருக்கானா, நீ பாத்தியா'ன்னு. பாத்தேன்னு சொல்லுவேன். நான் எங்க பாத்தேன்?"

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவர் சட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"குழியில இறக்கினதும் வெடி போடுவானுவ. மரியாதையாம். முத வெடிக்கே பெத்தவ துள்ளிருவா. எல்லாருமே. பொம்பளைங்க குழி வரைக்கும் வர்றதில்லைதான். ஆனா அந்தப் பெட்டிக்காரிங்க வந்துருவாங்க, யாரு தடுத்தாலும் நிக்க மாட்டாங்க. தலாஸ் பக்கம் ஒருத்தி... வெடிச்சதும் ஓடிவந்து பெட்டி மேல குப்புற விழுந்துட்டா. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு. 'ஒரு தடவை கொன்னது போதாதாடா, மறுபடியும் ஏண்டா சுடுறீங்க'ன்னு கத்துறா. நான் பக்கத்துல அட்டென்ஷன்ல நிக்கேன். கையத் தொப்பில வச்சுக்கிட்டு."

அதன்பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு அதைப் பண்ணவேணாம் மவளே. நீ பாத்துக்க."

"பெரியண்ணன்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க அத்தா."

"அவனுக்கு நான் அப்பன் இல்ல, மெடலு. நீ சொல்லு."

"சரிங்க அத்தா."

இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். அவள் மாவை மெல்லிசாக நறுக்கினாள். சொன்ன வார்த்தை எத்தனை கனம் என்று அப்போது தெரியவில்லை. மாமனார் சாவதே நடக்காத காரியம் போல இருந்தது.

மாமனார் செத்த அன்றே கணவன் தாலாயிடம் சொன்னாள். அவன் கோலை மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய கண்ணோடு அவளைப் பார்த்தான்.

"உங்கிட்ட மட்டுமா சொன்னாரு?"

"ஆமா."

"அண்ணன் பேசி முடிச்சுட்டாரு துர்சுன். பெரியவங்க எல்லாம் சரின்னுட்டாங்க. நான் போயி, என் பொண்டாட்டி இப்படிச் சொல்றான்னு எப்படிச் சொல்ல? அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு நான் என்னைக்குப் பேசினேன்?"

பேசியதில்லைதான். அவள் அவனைக் குறை சொல்லவில்லை. அந்தச் சக்தியும் இல்லை.

இன்று காலை அவளே போனாள். எசென்குல் கைக்கு டீக்கிண்ணத்தைக் கொடுத்தபடி, குனிந்த தலையோடு, "அண்ணே, அத்தா ஒண்ணு சொல்லியிருந்தாரு..." என்றாள்.

"அப்புறம்மா, அப்புறம். சிப்பாய்ங்களுக்கு ஏதாவது குடுத்தியா? பசியோட நிக்கிறானுவ பாரு." அதற்குள் தெருமுனையில் ஒரு கார். அவர் கிண்ணத்தை அவளிடமே தந்துவிட்டு, கோலை ஊன்றி, "என் அத்தாவே!" என்று குரல் உடைய அழ ஆரம்பித்தார். பொய் அழுகை இல்லை அது. அதுதான் கஷ்டம்.

சிப்பாய்களுக்கு இறைச்சியும் போர்சோக்கும் கொண்டுபோனாள். மீசை முளைக்காத முகங்கள். தட்டு வந்ததும் துப்பாக்கியை வண்டியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"எப்ப சுடுவீங்க?" என்று லெப்டினன்டிடம் கேட்டாள்.

"மண்ணு தள்ளினதும் சுடுவோம்மா. மூணு தடவை. வெறுந்தோட்டாதான், பயப்படாதீங்க."

"சுடவேணாம்னு சொன்னா?"

அவர் மென்றுகொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார். "குடும்பத்துப் பெரியவர் சொன்னா சுடமாட்டோம். எங்களுக்கென்ன, சுட்ட குழலைத் தொடைக்கிற வேலை மிச்சம். நீங்க யாரு, மகளா?"

"மருமவ."

"ஓ," என்றார். அந்த ஒற்றை எழுத்தில் எல்லாம் இருந்தது. மறுபடி இறைச்சியைப் பார்த்துக் குனிந்துவிட்டார்.

கொப்பரைக்குத் திரும்பும்போது புருலாய் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்க சின்னம்மா இருக்காளே, அவ புருஷன் செத்தப்ப என்ன பண்ணா தெரியுமா? கொழுந்தன்காரன் வேலிக்கல்லை நகத்தி நகத்தி இவங்க புல்வெளியைக் கொஞ்சங் கொஞ்சமாத் தன் பக்கம் தள்ளிக்கிட்டு வந்திருக்கான். புருஷன் உசுரோட இருந்தவரைக்கும் இவளால ஒரு வார்த்தை சொல்ல முடியல. ஒப்பாரியில வச்சா பாரு! 'வேலிக்கல்லு நடந்து போச்சே, என் ராசா, நடத்திக் கூட்டிப்போனவன் வாசல்ல அழுவுறானே'ன்னு. ஊரே கேக்குது. கொழுந்தன் என்ன பண்ணுவான்? கோலை ஊனிக்கிட்டு இன்னும் சத்தமா அழுதான்."

"அப்புறம் சண்டைக்கு வரலியா?"

"ஒப்பாரிக்கு யாருடி பதில் சொன்னா இதுவரைக்கும்? அதுக்குப் பதிலும் கெடையாது, வழக்கும் கெடையாது. வேலிக்கல்லு பழைய எடத்துக்கே போயிருச்சு."

துர்சுனாய் கரண்டியை வாங்கினாள். எண்ணெயில் மாவுத் துண்டுகள் உப்பி மேலே வந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கருகுது பாரு," என்றாள் புருலாய்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடிங்க."

"எங்க போற? யாரும் வரலியே."

"உள்ள."

கூடாரத்துக்குள் குளிராக இருந்தது. உடல் கெடாமல் இருக்கக் கீழ்ப்பக்கக் கம்பளியை உயர்த்திவிட்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் முல்லாவும் சம்பந்தி வீட்டு ஆண்கள் இருவரும் குளிப்பாட்டி முடித்துக் கஃபன் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டும் சத்தம். ஜூரா சுவரில் நெற்றியை முட்டி உட்கார்ந்திருந்தாள். துர்சுனாய் அவள் அருகே மண்டியிட்டாள். எத்தனையோ வருஷமாக அந்த மனிதர் சாப்பிட்ட பின் சாப்பிட்டு, படுத்த பின் படுத்தவள். அவர் எதிரே குரல் உயர்த்தியதே இல்லை. இன்று அவர் கேட்கப்போவதில்லை. கேட்கப்போகிறவர்கள் எல்லாம் வெளியே நிற்கிறார்கள்.

"எடுங்க," என்றார் முல்லா.

வெளியே ஆண்கள் ஒரே குரலில் அழுதார்கள். ஜூரா தொடங்கினாள். அப்பா கடைசியாக வாசல் தாண்டும் நேரத்தில் மகள் சொல்லவேண்டியதெல்லாம் சொன்னாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், துர்சுனாய் வாய் திறந்தாள். வந்தது குரல் இல்லை, கீறல். அவளுக்கே அது யாருடையதோ போலிருந்தது.

"பெட்டி பெட்டியா ஊர் சேத்த என் அத்தா
பெத்தவ வாசலிலே தலகுனிஞ்ச என் அத்தா
தொறக்காத பெட்டிக்குள்ள புள்ள முகம் பாத்தியான்னு
கேட்டவளுக்குப் பொய் சொல்லிக் கெடந்தழிஞ்ச என் அத்தா..."

ஜூரா தலையைத் திருப்பினாள். சுவரைப் பார்க்க வேண்டியவள் துர்சுனாயைப் பார்த்தாள்.

"மலையோரம் வெடிச்சதும் மகன்மேல விழுந்தாளே
மறுபடியும் கொல்லாதேன்னு மார்கொண்டு மறைச்சாளே
அவ போட்ட கூச்சலத்தான் ஆயுசுக்கும் கேட்டீகளே
அந்தச் சத்தம் இல்லாம என்னை அனுப்பிருன்னு சொன்னீகளே
சரின்னு சொன்ன வாயி சத்தமத்துப் போயிருச்சே
உங்க வாசல் காக்க வந்த துப்பாக்கி நிக்குதத்தா
உங்க புள்ள காதில் போடாம உங்க மருமவ நின்னேனே..."

அதற்குமேல் குரல் இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

வெளியே ஆண்களின் அழுகை நின்றுபோயிருந்தது. தூக்கியவர்கள் வாசலில் அப்படியே நின்றார்கள். எங்கோ ஒரு குதிரை கனைத்தது. யாரோ ஒரு பெரியவர் இருமினார். நெற்றியைக் கம்பளியில் சாய்த்தபடி, தான் ஒரு வீட்டையே வெட்கப்படுத்திவிட்டோம் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு வந்தும் பயம் வரவில்லை. பயப்படவும் ஒரு தெம்பு வேண்டும்.

பிறகு யாரோ ஒருவன், "என் அத்தாவே!" என்று அலறினான். தாலாயின் குரல். அதைப் பற்றிக்கொண்டு மற்றவர்களும். உடல் வெளியே போயிற்று.

ஜனாஸா தொழுகை முற்றத்தில் நடந்தது. "இவர் எப்படிப்பட்ட மனுஷர்?" என்று முல்லா கேட்டார். "நல்ல மனுஷர்!" என்று ஆண்கள் சொன்னார்கள். உள்ளேயிருந்து அவளும் சொன்னாள், யாருக்கும் கேட்காமல். கூட்டம் மலைப்பக்கம் நகர்ந்தது. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். பட்டாள வண்டியும் பின்னாலேயே போனது. துர்சுனாய் அது போகும் வழியையே பார்த்தாள்.

அவள் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. புருலாய்கூட. மலைச்சரிவில் கறுப்புப் புள்ளிகளாக ஆண்கள் ஏறினார்கள், ஓரிடத்தில் குவிந்தார்கள். மண் தள்ளுகிறார்கள் போலும். கையிலிருந்த கிண்ணத்தைத் துடைத்ததையே துடைத்தாள். முதல் வெடிக்குத் தானும் துள்ளிவிடுவோமோ என்று தோன்றியது.

காற்று அடித்தது. நாய் ஒன்று எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. ஜூரா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள்.

புள்ளிகள் கலைந்து கீழே இறங்கத் தொடங்கின. சத்தம் வரவில்லை.

"இறங்குறாங்க," என்றாள் ஜூரா.

துர்சுனாய் தலையசைத்தாள். கண்ணீர் வருமென்று எதிர்பார்த்தாள். கொட்டாவி வந்தது.

கூடாரத்தைப் பிரித்து, கம்பளிகளைச் சுருட்டி, குலத்துக்காரர்கள் சாப்பிட்டுக் கலைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குலப் பெரியவர் ஒருவர் போகிறபோக்கில், "வெடி இல்லாம என்ன பட்டாளத்து அடக்கமோ," என்று முணுமுணுத்தார். எசென்குல் வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். துர்சுனாய் கடைசிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போகையில், "உக்காரும்மா," என்றார்.

அவள் கொஞ்சம் தள்ளி, படியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவர் கிழவர் மாதிரியே கையை முழங்காலில் வைத்திருந்தார்.

"லெப்டினன்ட் வண்டியில ஏறுறப்ப சொன்னாரு," என்றார். "'எங்க அப்பாவும் பட்டாளம்தான், எங்கிட்ட அவர் எதுவுமே சொன்னதில்லை'ன்னு." ஒரு பெருமூச்சு. "எங்கிட்டயும்தான் சொல்லல. நான் போன் பண்ணினா, 'நல்லாருக்கேன், பிள்ளைங்க நல்லாருக்கா?' அவ்வளவுதான். பெட்டி தூக்கின கதை, அந்தப் பொம்பளை கதை, எதுவும் எனக்குத் தெரியாது. உங்கிட்ட ஏன் சொன்னாரு?"

அதில் கோபம் இல்லை. இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் பக்கத்துல இருந்தேண்ணே. மாவு தேய்ச்சுக்கிட்டிருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். "ஊரு ஒரு மாசத்துக்குப் பேசும். பேசட்டும்." பிறகு, தரையைப் பார்த்தபடி, "வேற என்ன சொன்னாரு? ஏதாவது. சின்னதா இருந்தாலும் பரவால்ல."

அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இருந்தும் சொன்னாள். இஸ்திரி போடும்போது தனக்குத்தானே ரஷ்யப் பாட்டு முனகுவதைச் சொன்னாள். பேத்திக்குச் சடை பின்னி, ஒருநாளும் நேராக வராமல், 'இதுதான் மலைப்பாதை' என்று சமாளிப்பதைச் சொன்னாள். எசென்குலின் சின்ன வயசுப் பூட்ஸ் ஒன்றைக் கொட்டகையில் இன்னும் தொங்கவிட்டிருப்பதைச் சொன்னாள். அவர் அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நிறுத்திவிட்டு, அவர் திரும்பும்வரை காத்திருந்து, மறுபடி சொன்னாள்.

படியோரமாக வீட்டாரின் செருப்பும் பூட்ஸும் கிடந்தன. மூன்று நாள் சேறு. அவள் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலிருந்து அவை அப்படிக் கிடந்ததில்லை. எல்லோரும் எழுவதற்கு முன் யாரோ எல்லாவற்றையும் துடைத்து, பாலிஷ் போட்டு, ஒரே கோட்டில் வைத்திருப்பார்கள். அதில் அவளுடைய பூட்ஸும் இருக்கும். மாமனார் மருமகளின் செருப்பைத் தொடுவது தகாது. அதனால் அவர் அதைச் செய்ததேயில்லை, அவள் அதைப் பார்த்ததேயில்லை. அத்தனை வருஷமும் அப்படியேதான்.

"வேற?" என்றார் எசென்குல்.

அவள் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஒண்ணுமில்லண்ணே," என்றாள்.